படத்தைச் சுற்றி ஒரு பழுப்புக் கட்டம்: கணினி கேள்வி-பதில்

கேள்வி: வண்டன்மேட்டுப் பக்கம் ஏலக்காய் வாங்கி விற்கும் சின்னக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன் அண்ணே. மைக்ரோசாஃப்ட் ஆக்சஸில் எங்களுக்கென்றே செய்த டேட்டாபேஸ் ஒன்று உண்டு. எந்தத் தோட்டத்துக் காய், எத்தனை மூட்டை, காயின் பருமன் எத்தனை எம்.எம்., லிட்டர் வெயிட் (ஒரு லிட்டர் காயின் எடை) என்ன என்பதெல்லாம் ஒரே படிவத்தில் வரும். பக்கத்திலேயே அந்த லாட்டின் சாம்பிள் போட்டோவும் தெரியும். ஆக்சஸ் 2003, விண்டோஸ் எக்ஸ்பி. துலா மாத இடியில் அந்தக் கம்ப்யூட்டரின் மதர்போர்டு போய்விட்டது. புதிதாக வாங்கினோம், விண்டோஸ் 11, புது ஆக்சஸ். ஃபைல் திறந்தது, கணக்கில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஒவ்வொரு போட்டோவையும் கம்பெனி முத்திரையையும் சுற்றிப் பழுப்பு நிறத்தில் ஒரு கட்டம் தெரிகிறது. முன்பெல்லாம் படம் படிவத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும், ஓரமே தெரியாது. அக்கா மகனுக்குப் புரோகிராம் கோடு எழுதத் தெரியும். படத்தின் நிற எண்ணைக் கண்டுபிடித்துப் படிவத்துக்குக் கொடுத்தான், வெளிர் நீலமாக வந்து நின்றது. சரி என்று விசார்டு வைத்துப் புதிதாக ஒரு லிஸ்ட் செய்தால் அதில் ஒரு வரி விட்டு ஒரு வரி நிறம் மாறுகிறது. எல்லா போட்டோவையும் திரும்ப எடு என்கிறார் முதலாளி. அந்தக் காயெல்லாம் விற்றுத் தீர்ந்து எத்தனையோ காலம் ஆயிற்று. என்ன செய்வது?

பதில்: முதலாளியிடம் தைரியமாகச் சொல்லுங்கள், ஒரு போட்டோவும் எடுக்க வேண்டாம். அந்தக் காய் எந்த ஊர்ப் பாயசத்தில் விழுந்ததோ, அதைத் தேடிப் போகவும் வேண்டாம். படம் அப்படியேதான் இருக்கிறது. உங்கள் படிவத்தின் நிறம்தான் மாறியிருக்கிறது, அதுவும் யாரும் தொடாமலே.

முதலில் இதை நீங்களே உறுதி செய்துகொள்ளுங்கள். படிவத்தைத் திறந்து வைத்து, ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டே பிரிண்ட் ஸ்கிரீன் விசையைத் தட்டி, பெயின்டைத் திறந்து ஒட்டுங்கள். அதில் சொட்டு மருந்துக் குழாய் மாதிரி ஒரு கருவிப்படம் இருக்கும். அதை எடுத்துப் பழுப்புக் கட்டத்தின் மேல் ஒரு சொடுக்கு, பிறகு நிறத்தைத் திருத்தும் பெட்டியைத் திறந்தால் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் எண் தெரியும். குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் கட்டத்துக்கு வெளியே, வெறும் படிவத்தின் மேல் அதே மாதிரி சொடுக்கி எண்ணைப் பாருங்கள். என் கணிப்பு சரியாக இருந்தால் படத்தின் ஓரம் 236, 233, 216 என்றும், படிவம் 240, 240, 240 என்றும் காட்டும். போட்டோ ஜேபெக் கோப்பாக இருந்தால் ஓரத்தின் எண் ஒன்றிரண்டு முன்னே பின்னே இருக்கும். அந்த வகைக் கோப்பு சுருக்கும்போது நிறத்தைக் கொஞ்சம் கலைத்துவிடும், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இந்த இரண்டு எண்ணிலேயே விஷயம் இருக்கிறது. 236, 233, 216 என்பது விண்டோஸ் எக்ஸ்பி வழக்கமாகப் பொத்தான்களுக்கும் பெட்டிகளுக்கும் பூசி வைத்திருந்த சந்தன நிறம். 2001-ல் எக்ஸ்பி வந்ததிலிருந்து நாம் எல்லோரும் வருஷக்கணக்கில் பார்த்துப் பழகிய நிறம்தான். அதற்கு முந்தைய விண்டோஸ் 2000-ல் அது 212, 208, 200, கொஞ்சம் அழுக்குச் சாம்பல். விண்டோஸ் 7-லிருந்து இன்றுவரை 240, 240, 240. மூன்று எண்ணும் ஒன்றாக இருப்பதால் இதில் பழுப்பும் இல்லை, நீலமும் இல்லை, வெறும் வெளிர்ச் சாம்பல்.

சரி, விண்டோஸ் தன் பொத்தான் நிறத்தை மாற்றினால் உங்கள் படிவம் ஏன் மாற வேண்டும்? டிசைன் வியூவில் போய்ப் படிவத்தின் பேக் கலர் என்ற இடத்தைப் பாருங்கள். பழைய ஆக்சஸில் அங்கே -2147483633 என்று கழித்தல் குறியோடு ஒரு பூதம் உட்கார்ந்திருக்கும். அது நிறத்தின் எண்ணே கிடையாது. ‘இந்தக் கம்ப்யூட்டரில் பொத்தானுக்கு என்ன நிறமோ அதையே எனக்கும் பூசு’ என்கிற உத்தரவு. 2007-க்குப் பிறகு வந்த ஆக்சஸில் அதே இடத்தில் எண்ணுக்குப் பதில் சிஸ்டம் நிறத்தின் பெயர் தெரியும். ஆக, உங்கள் படிவத்துக்கு எந்தக் காலத்திலும் சொந்த நிறம் இருந்ததில்லை. எக்ஸ்பி கொடுத்ததைப் பூசிக்கொண்டிருந்தது, இப்போது விண்டோஸ் 11 கொடுப்பதைப் பூசிக்கொள்கிறது. அன்று டேட்டாபேஸ் செய்து கொடுத்தவர் திரையில் தெரிந்த சந்தன நிறத்தை அளந்து, அதையே ஒவ்வொரு படத்தின் பின்னாலும் நிரப்பிவிட்டார். படத்தில் நிலையான எண், படிவத்தில் ஊருக்கு ஏற்றபடி மாறும் உத்தரவு. எக்ஸ்பி இருந்தவரை இரண்டும் ஒத்துப்போயின, அவ்வளவுதான்.

உடனடி வைத்தியம் சுலபம். பேக் கலரில் அந்த உத்தரவை அழித்துவிட்டு 14215660 என்று எழுதுங்கள். எங்கிருந்து வந்த எண் என்று கேட்பீர்கள். சிவப்பு 236, அதோடு பச்சை 233-ஐ 256-ஆல் பெருக்கிக் கூட்டி, நீலம் 216-ஐ 65536-ஆல் பெருக்கிக் கூட்டினால் இது வரும். ஆக்சஸ் நிறத்தை இப்படித்தான் கணக்கு வைக்கிறது. இனி எந்த விண்டோஸ் வந்தாலும் உங்கள் படிவம் சந்தன நிறத்திலேயே நிற்கும், படத்தின் ஓரமும் மறைந்துவிடும்.

ஆனால் ஒரே இடத்தில் மாற்றிவிட்டு, ‘அண்ணே, பாதிதான் சரியானது’ என்று மறுபடி கடிதம் போடாதீர்கள். படிவத்தில் தலைப்பகுதி, நடுவே டீடெய்ல், கீழே ஃபூட்டர் என்று பகுதிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே பேக் கலர். கம்பெனி முத்திரை பெரும்பாலும் தலைப்பகுதியில் இருக்கும், சாம்பிள் போட்டோ டீடெய்லில் இருக்கும். எத்தனை பகுதி இருக்கிறதோ அத்தனையிலும் எழுதுங்கள். படிவத்துக்குள் இன்னொரு சின்னப் படிவம் பொதிந்து வைத்திருந்தால் அதையும் தனியாகத் திறந்து மாற்ற வேண்டும்.

இப்போது உங்கள் அக்கா மகன் விஷயம். பையன் புத்திசாலிதான். எண்ணைச் சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறான், எழுதிய வரிசையில்தான் சிக்கல். புது ஆக்சஸின் பண்புப் பட்டியலில் நிறத்தைப் பதினாறடிமான முறையில் (0 முதல் 9 வரை எண்ணும் ஏ முதல் எஃப் வரை எழுத்தும் கலந்து) ஹாஷ் குறி போட்டு எழுதலாம். நம் சந்தன நிறம் அங்கே இ, சி, இ, 9, டி, 8. முதல் இரண்டு எழுத்து சிவப்பு, நடு இரண்டு பச்சை, கடைசி இரண்டு நீலம். கோடு எழுதும் இடத்தில் அதே ஆறு எழுத்தை அப்படியே கொடுத்தால் அது தலைகீழாகப் படிக்கும், முதலில் நீலம், கடைசியில் சிவப்பு. 236, 233, 216 போய் 216, 233, 236 ஆகிவிடும். நீலம் தூக்கலாக, சிவப்பு குறைவாக ஒரு நிறம். நீங்கள் பார்த்த வெளிர் நீலம் அதுதான். பச்சை நடுவில் இருப்பதால் இடம் மாறவில்லை. கோடில் ஆர்ஜிபி என்று எழுதி அடைப்புக்குள் 236, 233, 216 என்று வரிசையாகக் கொடுக்கச் சொல்லுங்கள். தலைகீழ்த் தொல்லையே வராது.

ஒரு வரி விட்டு ஒரு வரி மாறுவது வேறு கதை, இதில் எக்ஸ்பிக்குச் சம்பந்தம் இல்லை. ஆக்சஸ் 2007-ல் ஆல்டர்நேட் பேக் கலர் என்று ஒன்றைப் புதிதாகச் சேர்த்தார்கள். நீளமான பட்டியலைப் படிக்கும்போது கண் வரி தவறாமல் இருப்பதற்காக ஒற்றை வரிக்கு ஒரு நிறம், இரட்டை வரிக்கு ஒரு நிறம். எண்கள் மட்டும் உள்ள பட்டியலுக்கு அது நல்ல ஏற்பாடு, நானே விரும்பிப் போடுவேன். படம் உள்ள பட்டியலில் மட்டும் தொந்தரவு. விசார்டு கேட்காமலே இதைப் போட்டுவிடும். டீடெய்ல் பகுதியின் பண்புகளில் பேக் கலருக்குக் கீழேயே இருக்கும். பேக் கலரில் போட்ட அதே எண்ணை அங்கேயும் போட்டுவிடுங்கள்.

இவ்வளவும் செய்தால் இந்த வாரம் வேலை ஓடும். ஆனால் என்னைக் கேட்டால் இதோடு விட வேண்டாம். இரண்டு வெவ்வேறு பொருளை ஒரே நிறத்தில் ஒட்டிவைத்து ஓரம் தெரியாமல் பார்த்துக்கொள்வது என்றைக்கும் தலைவலி. சுவருக்குப் பெயின்ட் அடிக்கிறவரைக் கவனித்திருக்கிறீர்களா? ஒரே நம்பர் பெயின்டாக இருந்தாலும் ஒரு டப்பா முடிந்து அடுத்த டப்பாவைச் சுவரின் நடுவில் தொடங்க மாட்டார். மூலையில் போய்த்தான் தொடங்குவார். டேட்டாபேஸிலும் அதே யோசனைதான். ஒன்று, நிறத்தைப் படிவத்துக்கு மட்டும் கொடுத்துவிட்டு முத்திரைப் படத்தின் பின்னணியை எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் படத்துக்குப் பளிச்சென்று வெள்ளைப் பின்னணியும் மெல்லிய கோடும் போட்டு, ‘இது படம், இங்கே முடிகிறது’ என்று வெளிப்படையாகக் காட்டிவிடுங்கள்.

கம்பெனி முத்திரைக்கு முதல் வழி பொருந்தும். கிம்ப் என்ற இலவச மென்பொருளில் பின்னணியை நீக்கி, ஒளி ஊடுருவும் பிஎன்ஜி கோப்பாகச் சேமியுங்கள். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. பழைய ஆக்சஸ், படம் எந்த வகையில் இருந்தாலும் பிட்மேப்பாக மாற்றித்தான் உள்ளே வைக்கும். பிட்மேப்பாக ஆனதும் ஊடுருவும் தன்மை போய்விடும், நீங்கள் கஷ்டப்பட்டு நீக்கிய பின்னணி வேறு நிறத்தில் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால் முதலில் எம்டிபி கோப்பை ஏசிசிடிபி என்ற புது வகையில் சேமித்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஆப்ஷன்ஸில் கரன்ட் டேட்டாபேஸ் பகுதிக்குப் போங்கள். கீழே இறங்கினால் படங்களை எப்படிச் சேமிப்பது என்று ஒரு கேள்வி இருக்கும். பிட்மேப்பாக மாற்று என்பதில் புள்ளி இருந்தால் எடுத்துவிட்டு, மூல வடிவத்தை அப்படியே வை என்பதில் வையுங்கள். அதன் பிறகு பழைய முத்திரையை நீக்கிவிட்டுப் புதிதாக நுழைக்க வேண்டும். ஏற்கெனவே பிட்மேப்பாக உள்ளே போனது, அமைப்பை மாற்றியதால் தானாகத் திருந்தாது.

சாம்பிள் போட்டோக்களுக்கு இரண்டாவது வழி. ஏற்கெனவே இருக்கிற சந்தன ஓரப் படங்களைத் தொட வேண்டாம், 14215660 அவற்றைக் காப்பாற்றிக்கொள்ளும். இனி எடுக்கும் போட்டோக்களை மட்டும் வெள்ளைத் தாளில் கொட்டி எடுங்கள், படச் சட்டத்துக்கு ஒரு மெல்லிய கோடு போடுங்கள். ஏலக்காயின் பச்சையை வெள்ளைப் பின்னணியில் பார்ப்பதுதான் கண்ணுக்கும் நியாயம். சந்தனத்தின் மேல் வைத்தால் ஆறிப்போன காய்கூடக் கொஞ்சம் பச்சையாகத் தோன்றும். அன்று செய்து கொடுத்தவர் அதை நினைத்துத்தான் அந்த நிறத்தை வைத்தாரோ என்னவோ, எனக்குச் சந்தேகம் உண்டு!

எதைத் தொடுவதற்கு முன்பும் ஃபைலை நகல் எடுத்து ஒரு பென் டிரைவில் போட்டுக்கொள்ளுங்கள். அந்த பென் டிரைவ் கம்ப்யூட்டரிலேயே செருகிக் கிடக்கக் கூடாது. இந்த மலைச்சரிவில் துலா மாதம் மத்தியானம் மூன்று மணிக்கு மேல் இடி எந்தப் பக்கம் இறங்கும் என்று சொல்ல முடியாது.

கேள்வி: போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்கிறோம். தம்பி ஐபோனில் சாம்பிள் போட்டோ எடுத்து அனுப்புகிறான். போனில் பார்த்தால் காய் பச்சைப் பசேலென்று இருக்கிறது. அதையே டேட்டாபேஸ் படிவத்தில் போட்டால் வெளிறித் தெரிகிறது. அதே கம்ப்யூட்டரில் குரோமில் திறந்தால் மறுபடி நல்ல பச்சை! மானிட்டரை மாற்றலாமா?

பதில்: காசை வீணாக்காதீர்கள். அதே மானிட்டரில் குரோமில் நன்றாகத் தெரிகிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், அப்புறம் மானிட்டர் மேல் என்ன குற்றம்?

மேலே வண்டன்மேட்டுக்காரருக்கு வந்ததில் இரண்டு எண்கள் வேறு வேறு. உங்களுக்கு எண் ஒன்றுதான், அதைப் படிக்கிறவர்கள்தான் இரண்டு விதமாகப் படிக்கிறார்கள். 1996-ல் எச்பியும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து எஸ்ஆர்ஜிபி என்றொரு நிற அளவை முன்வைத்தன, 1999-ல் அது சர்வதேசத் தரம் ஆனது. பெரும்பாலான கம்ப்யூட்டர்களும் படங்களும் இன்றும் அந்த அளவில்தான் பேசிக்கொள்கின்றன. ஐபோன் 2016-ல் வந்த 7-லிருந்து டிஸ்ப்ளே பி3 என்ற இன்னும் அகலமான அளவில் படம் பிடிக்கிறது. சிவப்பிலும் பச்சையிலும் அதற்கு எல்லை அதிகம்.

எல்லை அதிகம் என்றால் அதே பச்சைக்கு எழுதும் எண் வேறாகிவிடும். எஸ்ஆர்ஜிபியில் உச்சப் பச்சை 0, 255, 0. அதே பச்சையை பி3 அளவில் எழுதினால் ஏறக்குறைய 117, 251, 76. இந்த எண் எந்த அளவில் எழுதப்பட்டது என்று சொல்லும் குறிப்பு ஒன்று படக்கோப்புக்குள் இருக்கும், புரொஃபைல் என்பார்கள். குரோம் அதைப் படித்துவிட்டுத் திரைக்கு ஏற்ப மாற்றிக் காட்டுகிறது. டேட்டாபேஸ் படிவங்கள் பெரும்பாலும் அந்தக் குறிப்பைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. 117, 251, 76 என்றால் அப்படியே வரைந்துவிடும். சிவப்பும் நீலமும் கலந்த வெளிறிய பச்சை வராமல் என்ன வரும்?

படத்தை டேட்டாபேஸுக்குள் விடுவதற்கு முன் எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றிவிடுங்கள். கிம்பில் திறக்கும்போதே, உள்ளே வேறு புரொஃபைல் இருக்கிறது, வைத்துக்கொள்ளவா மாற்றவா என்று கேட்கும். மாற்று என்று சொல்லி, ஜேபெக்காக ஏற்றுமதி செய்தால் வேலை முடிந்தது. மெனுவில் போய்ச் செய்வதானால் கன்வெர்ட், அசைன் என்று இரண்டு பெயர் அடுத்தடுத்து இருக்கும். கன்வெர்ட்தான் வேண்டும். அது எண்களைப் புது அளவுக்குத் திருத்தி எழுதும். அசைன் எண்களைத் தொடாமல் குறிப்பை மட்டும் மாற்றும், வெளிறல் அப்படியே இருக்கும். ஐபோனில் கேமரா அமைப்பில் ‘மோஸ்ட் கம்பாடிபிள்’ வைத்தால் தீரும் என்று யாராவது சொல்வார்கள். அதனால் எச்இஐசி கோப்பு ஜேபெக் ஆகுமே தவிர பி3 போகாது.

இன்னொன்றும் சரிபாருங்கள். விண்டோஸில் நைட் லைட் ஓடிக்கொண்டிருந்தால் திரை முழுக்க மஞ்சளடிக்கும். மாலை ஆறு மணிக்கு மேல் காய் பழுத்துப்போனது மாதிரி தெரிகிறது என்று ஒரு வியாபாரி என்னிடம் வந்தார். நைட் லைட்டை அணைத்ததும் காய் மறுபடி பச்சையாகிவிட்டது.

போட்டோவை வைத்து விலை பேசுகிறீர்கள் என்றால் மட்டும் ஒரு வார்த்தை. டியூப் லைட்டில் ஒரு நாள், வெயிலில் ஒரு நாள் எடுத்தால் எந்த அளவும் காப்பாற்றாது. ஜன்னலோரம் ஒரே இடம், ஒரே வெள்ளைத் தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாம்பிள் பாக்கெட்டை மேஜையில் திறந்து வைத்துவிட்டு ஒரு மாதம் கழித்துப் போட்டோவோடு ஒப்பிடாதீர்கள். வெளிச்சத்திலும் ஈரத்திலும் காயின் பச்சை இறங்கும். அதற்காகத்தானே சாக்குக்குள் கறுப்புப் பாலிதீன் போட்டுக் கட்டி வைக்கிறோம்.

கேள்வி: கம்பம் பக்கம் திராட்சைத் தோட்டம். பெட்டி அச்சடித்த அச்சகத்திலிருந்து எங்கள் லோகோவை ஜேபெக்காக வாங்கினேன். பில் போடும் டேட்டாபேஸில் நுழைத்தால் திராட்சைக் குலை போட்டோ நெகட்டிவ் மாதிரி தெரிகிறது. கோப்பு கெட்டுவிட்டதா?

பதில்: கெடவில்லை. அச்சகக் கோப்பு திரைக்கான மூன்று நிறத்தில் இருக்காது. சயான் என்ற பச்சை கலந்த நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று நான்கு மையின் அளவில் இருக்கும், சிஎம்ஒய்கே என்பார்கள். அடோபி மென்பொருள்கள் அந்த வகை ஜேபெக்கில் எண்களைத் தலைகீழாக்கி எழுதும் வழக்கம் உண்டு. அது தெரிந்த மென்பொருள் திருப்பிப் போட்டுக் காட்டும், தெரியாதது நெகட்டிவாகக் காட்டும். சில மென்பொருள்கள் படத்தையே காட்டாது.

அச்சகத்தில் ‘ஆர்ஜிபி பிஎன்ஜி, பின்னணி இல்லாமல்’ என்று கேட்டு வாங்குங்கள். மூலக் கோப்பு அவர்களிடம் இருந்தால் இரண்டு நிமிஷ வேலை. கருநீலம் பெட்டியில் இருப்பதைவிடத் திரையில் கொஞ்சம் பளிச்சென்று வரும், அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். பெட்டிக்கு அந்தப் பழைய கோப்பையே வைத்துக்கொள்ளுங்கள். புது பிஎன்ஜியைத் திரும்ப அச்சுக்குக் கொடுத்துவிட வேண்டாம்.